ராக் டம்ளர் வாங்கலாமா? டர்பன் கொல்லைக் கல்லைப் போட்டுப் பார்த்த கணக்கு

டம்ளர் என்றதும் காப்பி ஞாபகம் வரும். இது வேறு டம்ளர். கனமான ரப்பர் டிரம் ஒன்று, அதைத் தாங்கி உருட்டுகிற இரண்டு தண்டுகள், பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார். டிரம்முக்குள் கல், தண்ணீர், சாணைத்தூள். மூடி முடுக்கிவிட்டால் இரவும் பகலும் உருண்டுகொண்டே இருக்கும். கல்லைத் தேய்த்து வழவழப்பாக்குகிற, ஆறு செய்கிற வேலைதான். ஆற்றுக்கு அவசரம் கிடையாது. இதற்குக் குறைந்தது 28 நாள்.

தென்னாப்பிரிக்காவில் பொம்மைக் கடையிலும் இணையக் கடையிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஐந்தாறு பெயர்களில் விற்கிற 3 பவுண்ட் கிட்தான் இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது. அட்டைப் பெட்டியின் மேல் ஒரு சிறுவன் கொல்லையில் மண்ணைக் கிளறுகிறான். பக்கத்தில் பளபளவென்று புலிக்கண் கல், ரோஸ் குவார்ட்ஸ், அகேட். இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதானால், கொடுத்த காசுக்கு மோசமில்லை. அட்டைப்படத்தைப் பற்றிச் சொல்வதானால், அதை வரைந்தவர் டர்பன் பக்கம் வந்ததே இல்லை. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கொல்லையைக் கொத்தி ஒரு கூடை கல் எடுத்தால், பளபளப்பு ஏறக்கூடியது ஒரு கைப்பிடி தேறினால் அதிர்ஷ்டம். எந்தக் கைப்பிடி என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை. அதைப் பற்றி கிட்டோடு வருகிற கையேடு மூச்சு விடுவதில்லை.

முதலில் இயந்திரம். டிரம்முக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சுவர் வழவழவென்று வட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்க வேண்டும். அந்தப் பட்டைதான் கல்லைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சரியவிடுகிறது. சுவர் வட்டமாக இருந்தால் கல் மொத்தமும் அடியில் உட்கார்ந்து வழுக்கும், தேயாது. இந்தக் கிட்டின் டிரம் நல்ல தடிமன், பட்டையும் சரி. இதைவிட மலிவான 1 பவுண்ட் கிட்களில் பிளாஸ்டிக் டிரம் வருகிறது. அது போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், அதுவும் ஒரே சுவரைப் பங்கு போட்ட இரட்டை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பக்கமே போகாதீர்கள்.

மூடி மூன்று அடுக்கு: உள்ளே ரப்பர் மூடி, மேலே உலோகத் தட்டு, அதை இறுக்குகிற திருகு. ஒழுகல் வந்தால் பத்தில் ஒன்பது தடவை மூடியின் மேல் தப்பே இருக்காது. டிரம் வாயில் ஒட்டிய ஒரு மணல் பொடிதான் காரணம். மூடுமுன் வாயையும் மூடியின் பள்ளத்தையும் ஈரத்துணியால் சுற்றித் துடைத்து, அடுத்து உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். திருகை முரட்டுத்தனமாக இறுக்கினால் ரப்பர் நெளிந்து ஒழுகல் அதிகமாகும்.

குறை சொல்ல வேண்டிய இடம் தண்டுகள் உட்காரும் புஷ். நைலான் புஷ், வறண்டால் கிரீச்சிடும். வாரத்துக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், அதுவும் குச்சி நுனியில் தொட்டு வைக்க வேண்டும். எண்ணெய் வழிந்து டிரம்மின் வெளிப்பக்கத்திலோ பெல்ட்டிலோ பட்டால் பிடிமானம் போய் டிரம் நின்றுவிடும். மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்களோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டிரம்மின் முகப்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் எண்ணிவிடலாம். தரை சமமில்லாவிட்டால் டிரம் ஒரு பக்கமாக நகர்ந்து சட்டத்தில் உரசும். காலடியில் மடித்த அட்டை வைத்துச் சரிசெய்யுங்கள்.

3 பவுண்ட், அதாவது சுமார் 1.4 கிலோ என்பது கல்லின் எடை அல்ல. கல், தண்ணீர், தூள் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் மோட்டார் இழுக்கும். கல் மட்டும் 1 கிலோவை ஒட்டி. இதை மீறினால் பெல்ட் அறும், அல்லது மோட்டார் கருகும். பெட்டிக்குள் வருகிற மாதிரிக் கற்கள் இதற்கு நேர்மாறு: அரைக் கிலோகூட இல்லை. அதை மட்டும் போட்டால் டிரம் பாதிக்கும் கீழே இருக்கும், கல்லோடு கல் மோதி விளிம்பு உடையும். கிட்டைத் திறந்த அன்றே இந்தத் தப்பு நடக்கும்படிதான் பொட்டலம் போட்டிருக்கிறார்கள்.

மின்சாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல பெயர் எடுத்த அமெரிக்க இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த நாட்டுக்கென்று செய்தவை 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சூடும் அதிகம். வாங்குவதானால் மோட்டார் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். செலவும் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது: 25 வாட் மோட்டார் 28 நாள் இடைவிடாமல் ஓடினால் 16.8 யூனிட். 3 கிலோவாட் கீசர் ஐந்தரை மணி நேரத்தில் குடித்துவிடுகிற மின்சாரம். பிரீபெய்டு மீட்டர்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

இனி கல். டர்பனைச் சுற்றி நிலத்தடியில் இருப்பது என்ன என்று தெரிந்தால் பாதிக் கல்லை மண்வெட்டியிலேயே ஒதுக்கிவிடலாம். பெரேயா மேட்டிலும் பிளஃப்பிலும் சிவப்பு மணல். காற்று குவித்த பழைய மணல்மேடு, இரும்புச் சத்தால் சிவந்திருக்கிறது. அங்கே தோண்டினால் கல்லே கிடைப்பது அரிது. குளூஃப் பக்கத்துச் செங்குத்துப் பாறைகள் செம்பழுப்பு மணற்கல். கையில் கனமாக, உறுதியாகத்தான் இருக்கும். டிரம்மில் ஒரு வாரம் ஓடினால் பொடி பொடியாக உதிர்ந்து மணலாகத் திரும்பிவிடும். கூடப் போட்ட நல்ல கல்லுக்கும் அந்த மணல் கேடு. ஆனால் அதே மணற்கல்லின் சில அடுக்குகளில் வெள்ளைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். அது குவார்ட்ஸ். மழை அரித்து இறக்கிவிட்டதைப் பொறுக்கினால், விரிசல் இல்லாததாகப் பார்த்து எடுத்தால், கொல்லையில் கிடைப்பதில் முதல் தரம் அதுதான்.

அடுத்தது ட்வைக்கா. நீலச்சாம்பல் நிறத்தில் இறுகிய களிமண் மாதிரி ஒரு பாறை; உள்ளே கிரானைட், குவார்ட்ஸைட் என்று கண்டதும் பதிந்திருக்கும், புட்டுக்குள் தேங்காய்த் துண்டு மாதிரி. சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன் பனிப்பாறை அரைத்துக் கொட்டிய குப்பை இது. ஒடிசாவின் தால்சேர் படுகையிலும் இதே பனிக்காலத்துக் கல் கிடக்கிறது. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே நிலம், கப்பலே தேவைப்பட்டிருக்காது. டர்பனில் கான்கிரீட்டுக்கு உடைக்கிற ஜல்லியில் இந்தப் பாறை நிறைய. டிரைவ்வேயில் பாக்கி என்கிற பிக்கப் வண்டியில் வந்து கொட்டின ஜல்லியைப் புரட்டினால் ஒன்றாவது கிடைக்கும். மெருகுக்கு ஆகுமா? உள்ளே பதிந்த கல் மெதுவாகத் தேய, சுற்றியுள்ள சாம்பல் பாகம் வேகமாகத் தேய்ந்து பள்ளமாகும். அம்மைத் தழும்பு மாதிரி ஒரு கல் கிடைக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது. பளபளப்பு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கரும்சாம்பல் நிறத்தில் தகடு தகடாகப் பிளக்கிறதா? ஷேல். டிரம்மில் போடாதீர்கள், மூன்றே நாளில் சேறு. பழுப்புத் தோல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து, உடைத்தால் உள்ளே கறுப்பு, கைக்கு அநியாயக் கனம் என்றால் டோலரைட். ஆஃப்ரிக்கான்ஸ்காரர்கள் எய்ஸ்டர்க்லிப், இரும்புக்கல் என்பார்கள். சுமார் 18 கோடி வருடங்களுக்கு முன் உருகிய நிலையில் பழைய பாறை அடுக்குகளுக்குள் புகுந்தது. நம் ஊர் அம்மிக் கருங்கல் மாதிரி கடினம்தான், ஆனால் உள்ளே இரண்டு மூன்று கனிமங்கள் வேறு வேறு கடினத்தில் கலந்திருப்பதால் எண்ணெய் தடவின அம்மி அளவுக்கு மினுக்குமே தவிர கண்ணாடி ஆகாது. ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் கிரானைட், நைஸ் (gneiss) என்கிற பாறை வகைகளில் காக்காப்பொன் தகடுகள் உதிர்ந்து குழி விழும். காக்காப்பொன் இல்லாத இளஞ்சிவப்புத் துண்டாகப் பார்த்து எடுத்தால் சுமாராக வரும்.

கொல்லையில் கிடைத்தது என்பதால் கொல்லையில் விளைந்தது என்று அர்த்தமில்லை. முன்பு குடியிருந்தவர் நர்சரியில் மூட்டையாக வாங்கிக் கொட்டிய அலங்காரக் கூழாங்கல்லாக இருக்கலாம். பச்சையாக, குமிழ் குமிழாகக் கிடைத்தால் பெரும்பாலும் உலைக் கசடு. 'விண்கல்' என்று வாட்ஸப்பில் சுற்றுகிற படங்களில் பாதி அந்த ஜாதி. ஆற்றோரக் கல்லைப் பொறுக்கி வந்து சேர்த்தவர்கள் வீட்டில்தான் உண்மையான பொக்கிஷம் இருக்கும்: டிராகன்ஸ்பர்க், லெசோத்தோ எரிமலைப் பாறையின் வாயுக் குழிகளில் உருவாகி, ஆரஞ்சு, வால் ஆறுகளில் உருண்டு வந்த அகேட். புலிக்கண் கல்லோ வடக்கு கேப்புக்கு உரியது. டர்பன் இருக்கிற நேட்டால் பக்கத்துக் கொல்லையில் அது தானாகக் கிடைக்காது, யாரோ கொண்டுவந்து போட்டதுதான்.

சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். சமையலறை போதும், ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். முதலில் கல்லை பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உட்கார்ந்திருந்தால் நல்லது. உறிஞ்சிக்கொண்டால் அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிடலாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் மெருகு ஏறாது. இந்த ஒரு சோதனையிலேயே கூடையில் பாதி காலி.

அடுத்து கீறல். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை மோஸ் அளவில் சொல்வார்கள். அதில் சமையல் கத்தியின் எஃகு சுமார் 5.5, குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர், சக்கிமுக்கி எல்லாம் 7-ஐ ஒட்டி. கத்தி முனையால் அழுத்தி ஒரு சென்டிமீட்டர் கீறுங்கள். வெள்ளிக் கோடு ஒன்று தெரியும்; பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஈரக் கட்டைவிரலால் அந்தக் கோட்டை அழுத்தித் துடையுங்கள். கோடு அழிந்தால் அது கத்தி விட்டுச் சென்ற உலோகம், கல்தான் கடினம். துடைத்த பிறகும் நகத்தில் தட்டுப்படுகிற பள்ளம் இருந்தால் கல் மென்மை. கல்லின் கூர்முனையால் பழைய பாட்டில் கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது அதன் மறுபக்கம். செம்புக் காசு கொண்டு கீறச் சொல்கிற பழைய புத்தகங்களை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது: நம் சில்லறை எஃகின் மேல் செம்பு பூசியது, காந்தத்தை நீட்டினால் ஓடி வந்து ஒட்டும். எலக்ட்ரீஷியன் வெட்டிப் போட்ட மொத்தமான செம்புக் கம்பித் துண்டு நேர்மையானது.

வெள்ளைக் கல்லுக்கு வினிகர். ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். குமிழ் விட்டால் சுண்ணாம்புக்கல் அல்லது கால்சைட், கடினம் 3. குவார்ட்ஸ் மாதிரியே வெள்ளையாக இருந்து ஏமாற்றும் கல் இதுதான். கறுப்பு, சிவப்புக் கனத்த கல்லுக்கு உரைகல்: குளியலறை டைலின் பின்பக்கம், மெருகில்லாத பாகம். அதில் உரைத்தால் சிவப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்புக் கோடு விழுந்து காந்தமும் இழுத்தால் மேக்னடைட். குவார்ட்ஸ் உரைத்தால் கல் தேயாது, டைல்தான் தேயும்.

இன்னும் சந்தேகம் என்றால் சமையல் தராசு. கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள், அடியிலோ பக்கத்திலோ படாமல், தொங்கவிடுங்கள். தராசு காட்டுகிற எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். 132 கிராம் கல்லுக்கு 50 காட்டினால் 2.64, குவார்ட்ஸ் குடும்பம். 147-க்கு 50 என்றால் 2.94, டோலரைட் பக்கம். கால்சைட் 2.71 என்பதால் எடையை மட்டும் வைத்துக் குவார்ட்ஸிலிருந்து பிரிக்க முடியாது, அதற்கு வினிகர்தான்.

டிரம்மை நிரப்புவதில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: கடினம் ஒத்த கற்கள் மட்டும் ஒன்றாக. குவார்ட்ஸோடு கால்சைட் போட்டால் கால்சைட் காணாமல் போகும், குவார்ட்ஸ் அப்படியே இருக்கும். அளவு மட்டும் கலந்து இருக்க வேண்டும், பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒன்றோடொன்று உரசுகிற இடம் குறைவு. டிரம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், முக்கால் பங்குக்குள் நிரம்பட்டும். கல் போதாவிட்டால் செராமிக் உருளைகள். தண்ணீர் மேலடுக்குக் கல்லின் அடி வரைக்கும்தான். மூழ்கடித்தால் தூள் கல்லில் ஒட்டாமல் நீந்தும். முதல் சுற்றுக்கு 60/90 எண்ணுள்ள முரட்டுச் சாணைத்தூள், அதாவது சிலிக்கான் கார்பைடு, தட்டையாக 4 மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லி, எடையில் 90 முதல் 100 கிராம்.

ஓட ஆரம்பித்ததும் காதைக் கொடுங்கள். ஓட்டு வீட்டில் மழை பெய்கிற மாதிரி விடாமல் சரசரவென்று வர வேண்டும். தடதடவென்றால் கல் குறைவு அல்லது தண்ணீர் அதிகம். சத்தமே அடங்கிப்போனால் அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள், இல்லையேல் சேறு இறுகிவிட்டது. இரண்டாம் நாள் திறந்து பாருங்கள். சேறு மோர்ப் பதத்தில் இருக்க வேண்டும்; ஆடி மாத அம்மன் கூழ் பதத்துக்கு வந்திருந்தால் ஒரு கரண்டி தண்ணீர். முதல் சில நாட்கள் தினமும் ஒரு தடவை திறப்பது இன்னொரு காரணத்துக்கும்: சில கற்கள் வாயு விடும், டிரம் உப்பும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வெளியில் வைத்துத் திறக்கவும்.

இந்தக் கிட்டின் பெரிய ஏமாற்று இங்கேதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு பொட்டலம் தூள். 60/90 தூள் ஒரு வாரத்தில் தானே உடைந்து மாவாகிவிடும். அதற்கு மேல் ஓட்டினால் மின்சாரம்தான் செலவு. முரட்டுக் கொல்லைக் கல்லுக்கு முதல் கட்டமே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், ஒவ்வொரு வாரமும் புதுத் தூள். பொட்டலம் தீர்ந்ததும் வாங்குகிறவர்கள் அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறார்கள். கடைசியில் பளபளப்பே வரவில்லை என்று இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். 60/90-ஐ மட்டும் கிலோ கணக்கில் தனியாக வாங்கிவிடுங்கள், மற்றவை பொட்டலத்தில் வந்தது போதும்.

முதல் கட்டம் முடிந்ததா என்று எப்படித் தெரியும்? ஈரக் கல்லைப் பார்க்காதீர்கள், ஈரத்தில் எல்லாம் அழகு. துடைத்து, காயவைத்து, ஜன்னலோரம் பத்து மடங்கு லென்ஸில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு குண்டூசி முனை அளவு பள்ளத்தில் வெள்ளையாகப் பொடி அடைந்திருந்தால் அது கடைசி வரை அப்படியே நிற்கும். அந்தக் கல் அடுத்த தடவைக்கான டப்பாவுக்குப் போகட்டும். கல் கால் பங்கு எடை இழப்பது சாதாரணம், வருத்தப்படாதீர்கள்.

பிறகு 120/220 தூள் ஒரு வாரம், 500 ஒரு வாரம் (எண் கூடக்கூடத் தூள் மெல்லியது), அலுமினியம் ஆக்சைடு மெருகுத்தூள் ஒரு வாரம், ஒவ்வொன்றும் அதே 4 கரண்டி. கட்டத்துக்குக் கட்டம் கழுவுவதுதான் உயிர். ஒரே ஒரு 60 பொடி மெருகுக் கட்டத்துக்குள் போனால் அந்த வாரம் மொத்தமும் வீண். கல்லின் விரிசலுக்குள், மூடிப் பள்ளத்தில், டிரம்மின் பட்டை மூலையில் ஒளிந்திருக்கும். பழைய பல் பிரஷ் ஒன்றை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள், கட்டத்துக்கு ஒரு பிரஷ் என்றால் இன்னும் நல்லது. முடிந்தால் மெருகுக்குத் தனி டிரம். மெருகுக் கட்டத்தில் கல் குறைந்திருக்கும், அதனால் செராமிக்கோ பிளாஸ்டிக் குருணையோ சேர்த்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வேக விசை இருந்தால் குறைந்த வேகம். விளிம்பில் நிலாப் பிறை மாதிரி சின்னச் சின்ன வெள்ளைத் தழும்பு வந்தால், கல் விழுந்து அடிபடுகிறது என்று பொருள். கடைசியாகப் பச்சை சன்லைட் கட்டியைத் துருவி ஒரு கரண்டி போட்டு, சுத்தத் தண்ணீரில் சில மணி நேரம் ஓட்டினால் மேலே படிந்த மங்கல் போகும்.

சேற்றுத் தண்ணீரை சிங்கில் ஊற்றாதீர்கள். வளைகுழாயில் சிமெண்ட் மாதிரி இறுகும், பிளம்பர் வந்து குழாயையே வெட்டி எடுக்க வேண்டிவரும். வாசல் மழைநீர்க் கால்வாயும் கூடாது. வாளியில் ஊற்றி ஒரு நாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரைப் புல்லில் கொட்டி, அடிச்சேற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்தச் சேறு காயக் கூடாது. காய்ந்தால் அது சிலிக்கா தூசி. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் சிலிக்கோசிஸ் இழப்பீட்டு ஒப்பந்தத்தை 2019-இல் நீதிமன்றம் ஏற்ற நாடு இது. அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. புலிக்கண் கல்லில் நார் நாராக, விரலில் பிரிந்து வருகிற நீலப் பாகம் இருந்தால் அதைத் தொடாமல் ஒதுக்குங்கள். அது கல்லாக மாறாத ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்தது, ஆனால் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் ஓயவில்லை. இங்கே இந்தக் கிட்டின் அழகான டிஜிட்டல் டைமர் எதிரியாகிறது: மின்சாரம் போய் வந்தால் டைமர் பூஜ்யத்துக்குப் போகும், மோட்டார் தானாக ஓடாது. இரவு இரண்டு மணிக்குப் போய் நாலுக்கு வந்தால் காலைவரை சேறு அடியில் உறைந்து கிடக்கும். அப்படியே பொத்தானை அழுத்தினால் பெல்ட் வழுக்கிச் சூடேறும். டிரம்மைக் கையில் எடுத்து நாலு தடவை உருட்டிக் கலக்கிவிட்டுத் தண்டில் வையுங்கள். சாதாரண ஆன், ஆஃப் சுவிட்ச் உள்ள மாடல் கிடைத்தால் நம் ஊருக்கு அதுவே மேல், விலையும் பெரும்பாலும் குறைவு.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். தேசியப் பூங்காக்களிலும் டிராகன்ஸ்பர்க் காப்பகத்திலும் கல் எடுக்கக் கூடாது. கொல்லையிலேயே கிடைத்தாலும், இரண்டு பக்கமும் சீராகச் செதுக்கிய துளி வடிவக் கல்லையோ, எலும்பு, இலை அச்சு உள்ள கல்லையோ டிரம்மில் போடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சொத்துச் சட்டம் பழங்கால ஆயுதங்களையும் புதைபடிவங்களையும் காக்கிறது. ஒரு வார 60/90 தூள், லட்சம் வருட வேலைப்பாட்டை அழித்துவிடும். பட்டை தீட்டாத வைரம் என்று சந்தேகம் வந்தால் சந்தோஷப்படவும் வேண்டாம்: 1986ஆம் ஆண்டு வைரச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பரிசாக வாங்க நினைப்பவர்களுக்கு: எட்டு வயது முதல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை முதல் மூன்று நாள் டிரம்மோடு தூங்கும், நாலாம் நாள் மறந்துவிடும். மீதி 25 நாள் கழுவப் போவது நீங்கள். பெரியவர்கள் தமக்கென்று வாங்குவதானால் தயங்காமல் வாங்கலாம், முதல் டிரம்முக்கு மட்டும் கொல்லைக் கல்லை நம்பாமல் ஒரு கிலோ அகேட்டோ ஜாஸ்பரோ தீட்டாத கல்லாக விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று நல்ல கல்லில் கை பழகிவிட்டால், இரண்டாம் சுற்றில் கொல்லைக் குவார்ட்ஸ் மங்கினால் தப்பு கல்லிலா கையிலா என்று தெரியும்.

பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உதிரி பெல்ட்டும் மூடி ரப்பரும் தனியாக விற்கிறீர்களா? பெட்டிக்குள் ஒரு பெல்ட் உபரியாக வருகிறது. முதல் பெல்ட் மூன்றாம் நாலாம் மாதத்தில் தளரும், இரண்டாவதும் அதே மாதிரி. பெல்ட்டின் நீளத்தையும் தடிமனையும் புதிதாக இருக்கும்போதே அளந்து டிரம்மின் அடியில் எழுதி வையுங்கள். நீண்டுபோன பெல்ட்டை அளந்துகொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனால் தப்பான அளவுதான் கிடைக்கும்.